கோளால் குலைந்த கோட்டை

அரசவையில் வாழ்வோர்க்கு வாளினும் கொடியது கோள். அதனாலன்றோ வள்ளுவப் பெருந்தகை, அமைச்சின் இலக்கணம் கூறியதோடு அமையாது, மன்னரைச் சேர்ந்தொழுகல் என ஓர் அதிகாரமும், ஒருவரை ஆராய்ந்து நம்புதற்குத் தெரிந்து தெளிதல் என மற்றோர் அதிகாரமும் வகுத்தார்! பொற்கொல்லன் ஒருவன் கூறிய பொய்யை ஆராயாது ஏற்ற பாண்டியன் கதையைச் சிலப்பதிகாரம் நமக்குச் சொல்கின்றது. அந்த ஒரு சொல்லால் குற்றமற்ற வணிகன் உயிரிழந்தான், மன்னன் மாண்டான், மதுரை எரிந்தது. இக்கதையைப் படித்து வளர்ந்த நமக்கு, நாம் வாழும் இம்மண்ணிலும் அதனை ஒத்த ஒரு நிகழ்ச்சி உண்டென்பது ஏனோ எளிதில் நினைவுக்கு வருவதில்லை. ஜொகூர் அரசு தோன்றியதற்கு முற்பட்ட காரணங்களுள் அந்நிகழ்ச்சியும் ஒன்று. அதில் கொன்றவர், கொல்லப்பட்டவர், கோள் சொன்னவர் ஆகிய மூவகையினரிடத்தும் தென்னிந்தியத் தொடர்பு இருந்தது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரசவைச் சூழ்ச்சி எந்நாட்டவரையும் ஈர்க்கும் பொருளாகும். பதினெட்டாம் நூற்றாண்டில் பிரான்சை ஆண்ட பதினைந்தாம் லூயி மன்னர், தம் வெளியுறவு அமைச்சர்களுக்கும் தெரியாமல் ஒரு மறைமுகத் தூதர் அமைப்பை நடத்தி வந்தார். அதில் பணியாற்றியவர் ஷெவாலியே தெயோன் என்பவர். 1728ஆம் ஆண்டு பிறந்த இவர், இரசியாவிலும் இலண்டனிலும் அரச அலுவல் பார்த்தார். 1777 முதல் பெண்ணுடையில் பெண்ணாகவே வாழ்ந்து, 1810இல் இலண்டனில் மறைந்தார். இவருடைய வாழ்வை அடிப்படையாகக் கொண்டு 2006ஆம் ஆண்டு ஜப்பானியர் இருபத்து நான்கு பகுதிகளில் ஓர் உயிரோவியத் தொடர் எடுத்தனர். அத்தொடரில் தெயோனுக்கு லியா என்றொரு தமக்கை இருக்கிறாள். அவளுடைய சடலம் சவப்பெட்டியில் சேன் ஆற்றில் மிதந்து வருகின்றது. அவளுடைய ஆவி தம்பியின் உடலிற் புகுந்து பழிவாங்க முற்படுகின்றது. வரலாற்றில் அப்படியொரு கொலை இல்லை. பெண்ணுடையில் திரிந்தபோது தெயோன் பூண்டதாகச் சொல்லப்படும் பெயரையே கதாசிரியர் தமக்கையாக்கிவிட்டார்.

இத்தகைய தொடர்களை இன்றைய மாணவர்கள் விரும்பிப் பார்க்கின்றனர். பிரெஞ்சு அரசவையின் சூழ்ச்சிகளை ஒப்பிக்கும் பிள்ளை, கோத்தா திங்கியில் நடந்ததையும் மலாக்காவில் நடந்ததையும் அறியாதிருக்கின்றது. பிள்ளையைக் கடிந்து பயனில்லை; நாம் சொல்லவில்லை என்பதே உண்மை. மேலும், மெய்யான ஒரு வரலாற்றின் இடைவெளிகளிற் புனைவு எவ்வாறு நுழைகின்றது என்பதை நம் நாட்டு ஏடுகளைக் கொண்டே கற்பிக்கலாம்.

மலாக்கா அரசவையும் மணி புரிந்தான் மரபும்

பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா கீழை உலகின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கிற்று. அங்கு 84 மொழிகள் பேசப்பட்டன என்று, போர்த்துக்கீசியர் கைப்பற்றிய பின் அந்நகரில் வாழ்ந்த தோமே பிரெஸ் எழுதி வைத்துள்ளார். துறைமுக அலுவல்களைக் கவனிக்க ஷபண்டார் எனப்படும் தலைவர் நால்வர் இருந்தனர். ஒவ்வொருவரும் குறிப்பிட்ட சில நாட்டு வணிகர்க்குப் பொறுப்பாவர். தமிழகக் கரையிலிருந்து துணியேற்றி வந்த வணிகர்கள் செல்வமும் செல்வாக்கும் பெற்றிருந்தனர். மலாய் ஏடுகள் அவர்களைக் கெலிங் நாட்டவர் எனக் குறித்தன.

அவ்வாறு வந்தோருள் மணி புரிந்தான் என்பவரும் ஒருவர். அவர் கெலிங் நாட்டு அரச குடும்பத்தவர் என்றும், மலாக்காவில் ஸ்ரீ நர டிராஜா என்ற பெருங்குடி மகனின் மகளை மணந்தார் என்றும் ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்று ஏடு கூறுகின்றது. அவருடைய மகன் துன் அலி. அந்தத் துன் அலியின் மகனே பெண்டஹாரா துன் முத்தாஹிர். பெண்டஹாரா என்பது முதலமைச்சர் பதவி. மன்னருக்கு அடுத்த நிலை. துன் முத்தாஹிரின் உடன்பிறந்தாளாகிய துன் செனாஜா, சுல்தானை மணந்து பெற்ற மகனே மலாக்காவின் கடைசி மன்னர் சுல்தான் மஹ்முட் ஷா. ஆகவே பெண்டஹாரா மன்னருக்குத் தாய்மாமன் முறை. இவ்வுறவை மனத்திற் கொண்டால்தான் பின்னர் நடந்ததன் கொடுமை நமக்கு முழுமையாக விளங்கும்.

துன் முத்தாஹிர் குறையற்ற மனிதர் என்று ஏடு கூறவில்லை. அவர் பெருஞ்செல்வர், ஒப்பனையில் விருப்பமுடையவர், ஒரு நாளில் பலமுறை உடை மாற்றுபவர், ஆளுயரக் கண்ணாடியில் தம்மைப் பார்த்து மகிழ்பவர். ஆயினும் அவர் காலத்தில் வணிகம் செழித்தது. வெளிநாட்டு வணிகர் அவரை மதித்தனர்.

வழக்கும் வதந்தியும்

1510ஆம் ஆண்டில் நிகழ்ந்ததை ஏடு கூறும் முறையிலேயே காண்போம். ஷபண்டார் பதவியில் இருந்த ராஜா முதலியாருக்கும், வணிகர் தலைவர் நைனா சூர தேவனுக்கும் இடையே வழக்கொன்று எழுந்தது. இருவரும் பெண்டஹாராவிடம் சென்றனர். பொழுது சாய்ந்துவிட்டபடியால், மறுநாள் வருமாறு அவர் பணித்தார். அன்றிரவு நைனா சூர தேவன் பத்துக் காட்டிப் பொன்னைக் கொண்டுவந்து பெண்டஹாராவுக்கு அளித்தார். அவரும் வாங்கிக்கொண்டார்.

நைனா சூர தேவனின் உறவினன் கித்துல் என்பவன், ராஜா முதலியாரிடம் ஒரு காட்டிப் பொன் கடன்பட்டிருந்தான். அவன் நள்ளிரவில் முதலியாரின் வாயிற்கதவைத் தட்டி, ‘உம்மைக் கொல்வதற்காகவே பெண்டஹாராவுக்குப் பொன் கொடுக்கப்பட்டுள்ளது’ என்று சொன்னான். முதலியார் அஞ்சினார், கித்துலின் கடனைத் தள்ளிவிட்டார். பின்னர்ப் பெரும்பொருளுடன் கடற்படைத் தலைவராகிய லக்சமானா கோஜா ஹசானிடம் சென்று, பெண்டஹாரா அரசைக் கைப்பற்ற எண்ணுகின்றார் என்று மன்னரிடம் தெரிவிக்குமாறு வேண்டினார். கோஜா ஹசானும் அவ்வாறே செய்தார்.

மன்னர் ஆராய்ந்திருக்கலாம்; இருதிறத்தாரையும் அழைத்து வினவியிருக்கலாம். ஆனால் அவர் உள்ளத்தில் முன்பே ஒரு கசப்பு இருந்தது. பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமா பேரழகி. தமக்கு அவளைக் காட்டாமலே துன் அலி என்னும் உறவினருக்கு மணம் முடித்துவிட்டார் என்ற மனக்குறை அது. கோள் சொல்பவனுக்குக் கேட்பவனுடைய மனக்குறையே வாயில். அவ்வாயில் திறந்திருந்தது.

மன்னரின் ஆணையுடன் ஏவலர் இருவர் வந்தனர். பெண்டஹாராவின் மகன் துன் ஹசான் தெமங்கோங் எதிர்த்து நிற்க முனைந்தார். தந்தை தடுத்தார். மலாய் மரபில் மன்னருக்கு எதிராகக் குடிகள் கிளர்ந்தெழுதல் ஆகாது என்று கூறி, தம் குடும்பத்தாரையும் அடங்கியிருக்கச் செய்தார். துன் முத்தாஹிரும், அவர் மகனும், மருமகனும், தமையனும் கொல்லப்பட்டனர். துன் பாத்திமா அரண்மனைக்குக் கொண்டு செல்லப்பட்டு மன்னரின் மனைவியாக்கப்பட்டாள். அதன்பின் அவள் சிரித்ததே இல்லை என்று ஏடு சொல்கின்றது.

பொய் பின்னர் வெளிப்பட்டது. ராஜா முதலியாரும் கித்துலும் கொல்லப்பட்டனர். கோஜா ஹசான் தண்டிக்கப்பட்டார். ஆனால் பழிக்கு ஆளானவரை மீட்க யாரால் இயலும்?

நகரத்தின் வீழ்ச்சி

1509ஆம் ஆண்டிலேயே போர்த்துக்கீசியர் கப்பல்கள் முதன்முறையாக மலாக்காவுக்கு வந்து, மோதலுக்குப் பின் ஓடிப்போயிருந்தன. அவர்களுட் சிலர் சிறைப்பட்டிருந்தனர். திரும்பி வருவார்கள் என்பது அரசவைக்குத் தெரியாததன்று. அத்தகைய நேரத்தில் அனுபவமிக்க முதலமைச்சரும், அவருடைய வீர மகனும் சொந்த அரசராலேயே ஒழிக்கப்பட்டனர். புதிய பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டவரோ முதுமையால் தளர்ந்தவர். 1511ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், அல்புகெர்க்கின் படைக்கு மலாக்கா வீழ்ந்தது.

ஒரு கோளே மலாக்காவை வீழ்த்திற்று என்று கூறுதல் மிகையாகும். பீரங்கியும், கப்பற்படையும், வணிகப் போட்டியும் அதன் காரணங்கள். ஆனால் அரசவை தன்னைத்தானே நம்பாத நிலையில் பகைவன் வாயிலில் நின்றான் என்பது மறுக்க இயலாதது.

வீழ்ச்சியின்போது மற்றொரு வணிகரின் பெயரும் வருகின்றது. போர்த்துக்கீசியர் நினா சத்து என்று எழுதிய இந்து வணிகர் அவர். சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியர்க்கு உதவியவர்; நகரம் கைமாறியதும் அவர்களால் பெண்டஹாராவாக அமர்த்தப்பட்டவர். 1514ஆம் ஆண்டு அப்பதவி கம்பார் அரசருக்கு அளிக்கப்பட்டபோது, அவமதிப்புப் பொறாது தீப்பாய்ந்து உயிர் நீத்தார். அவரை நன்றியுடைய நண்பர் என்று போர்த்துக்கீசியர் எழுதினர். மலாக்காவை இழந்தவர்கள் அவ்வாறு எண்ணியிருக்க மாட்டார்கள். ஒரே மனிதர் ஒரு பக்கத்து ஏட்டில் நண்பராகவும் மறுபக்கத்து நினைவில் பகைவராகவும் இருத்தல் வரலாற்றில் இயல்பே.

ஜொகூர் அரசின் தோற்றம்

நகரிழந்த சுல்தான் மஹ்முட் முவாரிலும் பகாங்கிலும் பிந்தானிலும் தங்கிப் போராடினார். 1526இல் பிந்தானும் அழிக்கப்பட்டது. சுமத்திராவின் கம்பாரில் 1528ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அவருக்குப்பின் பட்டம் பெற்றவர், துன் பாத்திமா ஈன்ற மகனாகிய சுல்தான் அலாவுடின் ரியாயாட் ஷா. ஜொகூர் ஆற்றங்கரையில் புதிய அரசை நிறுவியவர் இவரே. மற்றொரு தாயின் மகனாகிய முஸாபர் ஒதுக்கப்பட்டுப் பேராக் சென்று, அங்கு முதல் சுல்தானானார்.

ஈண்டு ஒரு கணம் நிற்போம். ஜொகூர் அரசின் முதல் மன்னர், கொன்றவரின் மகன், கொல்லப்பட்டவரின் பேரன். ஏடு கூறும் வழிமுறைப்படி, தாய்வழியில் மணி புரிந்தானின் மரபினர். தந்தையையும் கணவனையும் இழந்து, கொன்றவரின் அரண்மனையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் மகனால் இம்மாநிலத்தின் அரச வரலாறு தொடங்குகின்றது. எந்தக் கதாசிரியரின் கற்பனையும் இதனினும் வியப்பானதைப் படைத்தல் அரிது.

ஏடெழுதியவர் யார்?

இவ்வளவும் நமக்குத் தெரிவது பெரும்பாலும் செஜாரா மெலாயுவினால். அதனைத் தொகுத்தவர் துன் ஸ்ரீ லானாங், ஜொகூரின் பெண்டஹாரா. 1612ஆம் ஆண்டு, ஜொகூர் அரசவை பத்து சாவாரில் இருந்த காலத்தில் அப்பணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறு ஆண்டே அச்சேனியர் படையெடுத்து அவரையும் சிறைகொண்டு சென்றனர். 2001ஆம் ஆண்டு யுனெஸ்கோ இவ்வேட்டினை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது.

இவ்வேட்டின் முன்னுரையில் துன் ஸ்ரீ லானாங் தம் குலமுறையைக் கூறுகின்றார். தந்தை, பாட்டன், முப்பாட்டன் என்று மேலே சென்று, துன் அலி, அவர் தந்தை மணி புரிந்தான் என்பதில் அது சேர்கின்றது. அதே மூச்சில் தம் இனம் மலாய் என்றும் அவர் உரைக்கின்றார். சில தலைமுறைகளில் அயலிலிருந்து வந்த ஒரு குடி இம்மண்ணில் எவ்வளவு ஆழமாக வேரூன்றிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆனால் வரலாறு கற்போர் இங்கே மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். துன் முத்தாஹிரின் கொலையை எழுதியவர், துன் முத்தாஹிரின் குடும்பத்தவர். எழுதிய காலமோ நூறாண்டு கழித்து. நள்ளிரவில் கித்துல் முதலியாரிடம் சொன்ன சொற்களை யார் கேட்டார்? கேட்ட இருவரும் கொல்லப்பட்டுவிட்டனர். அச்சொற்கள் நம்மிடம் வந்த வழி எது? குடும்பத்தில் வழங்கிய நினைவும், ஊரார் பேச்சும், ஏடெழுதுவோரின் கதை சொல்லும் ஆற்றலும் அன்றி வேறில்லை.

அதனால் முழுவதும் பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. மன்னர் பெண்டஹாராவைக் கொன்றார் என்பதைத் தோமே பிரெசும் எழுதுகின்றார். அவர் அக்குடும்பத்தவரல்லர், மலாய் அரசவையின் நண்பருமல்லர். தொடர்பற்ற இருவர் ஒன்றைச் சொன்னால் அது பெரிதும் நம்பத் தக்கது. ஒருவர் மட்டுமே, அதிலும் உறவினர் மட்டுமே சொல்வதை, அவர் சொன்னதாகவே கொள்ளல் வேண்டும். கொலை வரலாறு, நள்ளிரவு உரையாடல் வரலாற்றின் இடைவெளியில் எழுந்த கதை. தெயோன் வாழ்ந்தது வரலாறு, தமக்கையின் ஆவி கதை என்பது போன்றதே இதுவும்.

இன்னுமொன்று. ஓர் அமைச்சரின் கொலைக்கு உண்மையான பொறுப்பு யாருடையது? ஆணையிட்டவர் மன்னர். ஆயின் கதையைப் படிப்போர் மனத்தில் நிற்பவன் கித்துலே. அரசவையில் இருந்து எழுதுபவர் அரசரை நேரே குற்றம் சாட்டுதல் எளிதன்று. வெளியிலிருந்து வந்த வணிகன்மேல் பழியின் பெரும்பகுதியை ஏற்றுதல் எளிது. துன் ஸ்ரீ லானாங் மன்னரின் மனக்குறையை மறைக்காமல் எழுதினார் என்பது அவருடைய நேர்மைக்குச் சான்று. படிக்கும் நாம்தான் அவ்வரிகளை விரைந்து கடந்துவிடுகின்றோம்.

கோத்தா திங்கியில் எழுந்த அதே வினா

துன் முத்தாஹிர் எதிர்க்காமல் இறந்தார். அநீதி செய்யும் அரசனிடம் குடிகள் அடங்கியே இருத்தல் வேண்டுமா என்னும் வினாவோ இறக்கவில்லை. செஜாரா மெலாயுவே பழங்காலத்து உடன்படிக்கை ஒன்றைக் கூறுகின்றது. குடிகள் மன்னருக்குத் துரோகம் செய்யலாகாது. மன்னர் குடிகளை இழிவுபடுத்தலாகாது. ஒரு பக்கம் முறிந்தால் மறுபக்கம் என்னவாகும்?

1699ஆம் ஆண்டு கோத்தா திங்கியில் இவ்வினா மீண்டும் எழுந்தது. சுல்தான் இரண்டாம் மஹ்முட் தம் பெருங்குடி மக்களாலேயே கொல்லப்பட்டார். மலாக்கா அரச மரபு அவரோடு முடிந்தது. பெண்டஹாரா அப்துல் ஜலில் அரியணை ஏறினார். இது வரலாறு.

மக்கள் வழங்கும் கதையோ வேறு விரிவுடையது. கருவுற்றிருந்த ஒரு பெண் அரசரின் தோட்டத்துப் பலாச்சுளை ஒன்றை உண்டாள். அதற்காக அவள் வயிறு கிழிக்கப்பட்டது. அவள் கணவர் மெகாட் ஸ்ரீ ராமா, பல்லக்கில் தொழுகைக்குச் சென்ற அரசரைக் குத்திக் கொன்றார். இறக்கும் நிலையில் அரசர், மெகாட் வழியினர் கோத்தா திங்கி மண்ணை மிதித்தால் இரத்தம் கக்குவர் என்று சபித்தார் என்பர். 1961இல் கே.எம். பாஸ்கர் இயக்கத்தில் இது மலாய்த் திரைப்படமாகவும் வந்தது. கோத்தா திங்கியின் கம்போங் மக்காமில் அச்சுல்தானின் அடக்கத்தலம் இன்றும் உள்ளது.

இக்கதையால் யார்க்குப் பயன் என்று கேட்டால் சில உண்மைகள் புலப்படும். கொலையைச் செய்தவர் துயருற்ற கணவர் எனின், அதனால் அரியணை பெற்றவர் பெயர் பின்னே மறைகின்றது. மறுபுறம், 1718ஆம் ஆண்டு ராஜா கெச்சில் என்பவர் சியாக்கிலிருந்து படையுடன் வந்து, தாமே கொலையுண்ட சுல்தானின் மகன் என்று கூறி ஜொகூரைக் கைப்பற்றினார். அவருக்கும் ஒரு கதை தேவைப்பட்டது. அவர் பக்கத்தாரிடம் அது இருந்தது. கதைகள் வெறும் பொழுதுபோக்கல்ல. அவற்றைக் கொண்டு அரியணைகளே கைமாறியதுண்டு.

நம் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது?

தமிழ்ப்பள்ளி வகுப்பறையில் இவ்வரலாற்றைச் சொல்லும்போது ஆசிரியர்க்கு இருவகை இடர்கள் உண்டு. கித்துலையும் ராஜா முதலியாரையும் படித்து, ‘நம்மவர்தாம் காட்டிக் கொடுத்தவர்கள்’ என்று நாணித் தலை குனியும் பிள்ளை ஒருபுறம். துன் முத்தாஹிரும் துன் பாத்திமாவும் நம்மவரே என்று கொண்டாடிக் கித்துலை மறைத்துவிடும் பிள்ளை மறுபுறம். இருவரும் ஏட்டைப் பாதி படித்தவரே. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவன் செய்த கோளுக்கு இன்றைய பிள்ளை பொறுப்பாளியல்லன். அன்றைய அமைச்சரின் பெருமைக்கு உரிமையாளனும் அல்லன். நம் குடும்பங்களிற் பெரும்பாலானவை பத்தொன்பது, இருபதாம் நூற்றாண்டுகளில் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைக்கும் உழைக்க வந்தவை. அதனை மறைக்க வேண்டுவதில்லை. அதற்கு முன்னரும் தமிழர் இம்மண்ணில் வணிகராய், அமைச்சராய், நல்லவராய், தீயவராய், மற்ற மனிதரைப் போலவே வாழ்ந்தனர் என்பதனை அறிந்தாற் போதும். ‘நேற்று வந்தவர்’ என்று யாரேனும் சொன்னால் பிள்ளை சினம் கொள்ள வேண்டுவதில்லை. ஏட்டைத் திறந்து காட்டலாம்.

ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்கு நான் கூறுவது இது. எந்த வரலாற்றுப் பகுதியைக் கற்பித்தாலும், எழுதியவர் யார், அவர் எப்போது எழுதினார், வேறு யாரேனும் அதையே சொல்கின்றனரா என்னும் மூன்று வினாக்களையும் மாணவர் வாயிலிருந்தே வரவழைத்தல் வேண்டும். உயிரோவியத் தொடர் பார்க்கும் பிள்ளையிடமும் இதே வினாக்களைக் கேட்கலாம். தொடரைப் பார்க்காதே என்று தடுத்தால் அது மறைவிற் பார்க்கும். இதில் எது நடந்தது, எது புனைந்தது என்று வினவினால் நூலகத்துக்குச் செல்லும்.

இப்பயிற்சி தேர்வுக்கு மட்டும் உரியதன்று. கோள் இன்று நள்ளிரவில் கதவைத் தட்டுவதில்லை, கைப்பேசியில் வருகின்றது. ஓர் இனத்தாரைப் பற்றி, ஒரு சமயத்தாரைப் பற்றி, ஓர் அண்டை வீட்டாரைப் பற்றி யாரோ எழுதியதை ஆராயாமல் நம்பிப் பரப்புவோர் பலர். பல இனத்தார் கூடி வாழும் இந்நாட்டில் அதன் விளைவு எத்தகையதாக இருக்கும் என்பதை மலாக்கா நமக்குச் சொல்லியிருக்கின்றது. பெண்டஹாராவை வீழ்த்தியது வாளேந்திய இருவரின் வலிமையன்று. மறுபக்கத்தாரையும் அழைத்துக் கேட்போம் என்று மன்னர் எண்ணாமையே. அவ்வெண்ணத்தை நம் பிள்ளைகளின் உள்ளத்தில் விதைப்பது வரலாற்றாசிரியரின் கடமை.